எதோடு ஒப்பிட்டு?

'கொம்பரட்டிவ்லி' என்ற ஆங்கிலச் சொல்லை மாமி முதன்முதல் கேட்டது கோப்பாய்ப் பக்கத்து அகதி முகாமின் தகர மண்டபத்தில். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி, அச்சுவேலிப் பக்கம் கட்டிய புதிய வீடுகளின் படத்தைத் தூக்கிக் காட்டினார். கடற்கரையில் இராணுவ வேலிக்குள் கிடக்கும் தங்கள் காணியை விட்டுக்கொடுத்தால் அந்த வீடுகளில் ஒன்று கிடைக்கும். வார்த்தைக்கு வார்த்தை அந்தச் சொல் வந்தது. மொழிபெயர்ப்பாளர் அதை 'ஒப்பீட்டளவில்' என்றார்: ஒப்பீட்டளவில் நல்ல கிணறு, ஒப்பீட்டளவில் நல்ல வீதி.

செய்தி சேகரிக்கப் போயிருந்த என் பக்கம் மாமி சாய்ந்தார்.

"தம்பி, உவர் எதோடை ஒப்பிடுறார்?"

"இந்த முகாமோடை, மாமி."

"அப்பிடிப் பாத்தால் சுடலையும் நல்ல இடந்தான்" என்றவர் எழுந்து நின்றார். "ஐயா, அங்கை கடல் எந்தப் பக்கம்? இந்த மனுசன் வலையைக் கத்தரித் தோட்டத்துக்கையோ காயப் போடுறது?"

மண்டபம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. எங்கள் கரையில் வள்ளம் இழுத்து ஏற்றும் இடம் வீட்டுக்கு வீடு உரிமை. அந்த உரிமையோடு இருந்தவர், அப்போது வேற்றூர்க் கரையில் கூலிக்குக் கடலுக்குப் போய்வந்தார். ஊர்க்காரரின் வள்ளங்களெல்லாம் ஏறிய பிறகே அவர் போன வள்ளத்துக்கு இடம் கிடைக்கும். விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று மாமி சொல்லிவிட்டார்.

ஒப்பிட இரண்டு பொருள்கள் வேண்டும். அரச அறிக்கைகள் ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கிவிடுகின்றன. ஒப்பீட்டளவில் அமைதி, ஒப்பீட்டளவில் முன்னேற்றம் என்று அவை பத்திரிகை அலுவலகத்துக்கு இன்றும் வருகின்றன. தொலைபேசியில் "எதோடு ஒப்பிட்டு?" என்று கேட்டால், "உள்ளதைப் போடுங்கோ" என்று வைத்துவிடுவார்கள். ஒரு குடும்பத்தின் கரையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அதே குடும்பத்தை முகாமின் சேற்றோடு ஒப்பிட்டுத் திருப்திப்படச் சொல்வதற்கு அளவுகோல் என்று பெயர் வைப்பது அயோக்கியத்தனம்.

மாமா முகாமிலேயே இறந்தார். இந்த ஆண்டு எங்கள் கரையில் ஒரு பகுதியை விடுவித்தார்கள். மாமியை நான்தான் கூட்டிப்போனேன். வேலி பின்னால் நகர்ந்திருந்தது. மாமியின் காணி அதற்கும் அப்பால். கூரையில்லாத வீட்டுச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஒப்பீட்டளவில் கனக்க விட்டாச்சு, அம்மா" என்றார் அங்கு நின்ற இளம் அதிகாரி.

மாமி அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் திரும்பினார்.

"எனக்கு இருக்கிறது ஒரு காணி, தம்பி. அது உள்ளை கிடக்கு. விடேல்லை எண்டு எழுது. அதுக்கு முன்னாலை ஒரு சொல்லும் போடாதை."