பாகற்காய் உண்ட காகம்

எழுபதுகளின் தொடக்கத்தில், என் ஒன்பதாம் அகவையில், இறந்தவர் உயிர் எங்கே போகிறது என்பதை ஐயமறக் கண்டறிந்துவிடுவதென்று உறுதி பூண்டேன். தியாகராய நகரில் துணிக்கடை நடத்திவந்த அப்பா மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. ஆழ்வார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவரின்மேல் அம்மா நாள்தோறும் இலைத்துண்டில் சோறு வைப்பார். காகம் உண்ட பிறகே தாம் உண்பார். அந்தக் காகந்தான் அப்பா என்றார்.

அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை, மறுக்கவோ சான்றில்லை. அப்பா நாள்தோறும் வருகிறாரா இல்லையா என்பது எனக்கு விளையாட்டன்று. கொட்டிவாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளைக் கேட்டேன். அவர் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்.

"எனுக்கு இன்னா தெரியும் கண்ணு? எங்க ஊட்டுக்காரரு மீனா பொறந்திருந்தா, இந்நேரம் கூடையில வச்சு வித்திருப்பேன். நீயே பாத்துச் சொல்லு" என்று சிரித்தார்.

நானே பார்ப்பதென்று ஓர் ஆய்வு வகுத்தேன். அப்பா பாகற்காயைத் தொடவே மாட்டார்; பிடிக்காதென்று தம் பங்கை அம்மாவின் தட்டில் தள்ளிவிடுவார். காகம் அப்பாவென்றால் அதுவும் ஒதுக்கியாக வேண்டும். கோடை விடுமுறை, நாள்தோறும் பாகற்காய்ப் பொரியல் வேண்டுமென்று அடம்பிடித்தேன்.

"பாயசத்துக்கு அழுத பிள்ளைக்கு என்னட்டி வந்துச்சு?" என்று அம்மா தம் மாறாத தெற்கத்திப் பேச்சில் வியந்தார்.

என் பங்கை ஒளித்துவைத்துக் காகத்தின் சோற்றருகே வைத்தேன். 'ஒதுக்கு, ஒதுக்கு' என்று மனத்துள் மன்றாடியபடி வெயிலில் நின்றேன். ஆறு நாளும் காகம் முதலில் கொத்தியது பாகற்காயைத்தான். ஆறு நாளும் தவறாமல் குறிப்பேட்டில் எழுதினேன்.

ஏழாம் நாள் சோற்றிலையோடு மாடிக்கு வந்த அம்மாவிடம் முடிவை அறிவித்தேன்.

"அது அப்பா இல்லம்மா. பாகற்காயத் திங்குது."

அம்மா இலையைச் சுவரின்மேல் வைத்தார்.

"பிடிக்காதுன்னு அவிய சொன்னத நீயும் நம்பிட்டியாட்டி? எனக்கு வைக்கணும்னுதான் அப்படிச் சொல்லுவாவ."

பிறகு கீழே சென்று, சட்டியில் எஞ்சியிருந்த பொரியல் முழுவதையும் வழித்துக்கொண்டு வந்து இலையில் வைத்தார்.

"உனக்கு வேணாமாம்மா?"

"எனக்குப் பிடிக்காதுட்டி."

காகம் உண்ணும்வரை நின்று பார்த்துவிட்டு, அன்று வெறும் மோர்ச்சோறு உண்டார். நான் குறிப்பேட்டைத் திறந்து, காகம் அப்பாவா என்பது இன்னும் ஐயமே என்றும், அம்மாவுக்கும் பாகற்காய் பிடிக்காது என்றும் எழுதினேன். நாளை முதல், அப்பா ஒதுக்கிவந்த இன்னொரு காயான கத்தரிக்காய் கொண்டு ஆராய்வதென்று அதன் கீழே கோடிட்டுக் குறித்துக்கொண்டேன்.