டின் மீனும் கடற்பறவையும்

கடற்பறவைகளைக் காக்கப் பணம் திரட்டுவதாகச் சொல்லி அந்தப் பெண்மணி என் மகளின் பாலர் பாடசாலைக்கு வந்தார். பட்டுச் சேலை, தலைமேல் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. மாலை போட்டு மேடையில் ஏற்றினார்கள்.

"கடலப் பாக்கணும்னாலே நாங்க கொழும்புக்கு பஸ் ஏறணும்," என்று பக்கத்திலிருந்த தாய் என் காதில் முணுமுணுத்தாள்.

மீன்பிடித் தூண்டிலில் சிக்கிச் செத்த பறவையின் பெரிய படமொன்றை அந்தப் பெண்மணி பிள்ளைகளுக்குக் காட்டினார். பிறகு வியர்த்ததும் அதே படத்தால் விசிறிக்கொண்டார்.

அன்றிலிருந்து என் மகள் மீனைத் தொடவில்லை. எடை போதாது, மீன் கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அன்று அவளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் இருந்திருக்கலாமோ என்று நான் தூங்காமல் கிடந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்மணி பாடசாலையிலேயே பறவை நிதிக்காகச் சிற்றுண்டி விற்றார். முறையிடலாம் என்று மகளோடு போனேன். மேசை நிறைய மீன் ரோல்ஸ்.

"பறவைக்குக் காசு சேக்க மீனையே விக்கிறீங்களா, மேடம்?"

அவர் படத்தால் விசிறிக்கொண்டே சொன்னார்: "இது டின் மீன், தங்கச்சி. டின்னுக்குள்ள பறவை எப்படி மாட்டும்?"

இந்த மூளைக்கு மேடையும் மாலையும் வேறு என்று நினைத்தேன்.

"டின் மீனுக்குத் தூண்டில் போட மாட்டாங்களா?" என்று மகள் கேட்டாள்.

"போடவே மாட்டாங்க, பாப்பா."

மகள் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டாள்.

அந்தப் பெண்மணி அதை நிஜமாகவே நம்பினாரா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. பொய் என்று தெரிந்த நானோ, மீன் சமைக்கும் ஒவ்வொரு முறையும் டின்னை மகளின் கண்முன்னே வைத்துத்தான் திறக்கிறேன்.