என் கட்டைவிரல் போட்ட குழி

குற்றாலத்தில் முப்பது வருஷமாக எண்ணெய் தேய்க்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குப் பிடியும் பக்குவமும் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் பட்ட அவமானத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சாரல் காலை. திருவேங்கடம் ஊரில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர் மனைவியோடு வந்தார். சட்டையைக் கழற்றிப் பலகையில் உட்கார்ந்தவர், படுக்க மாட்டேன் என்றார்.

“மல்லாக்கப் படுங்க அண்ணாச்சி. உக்காந்துக்கிட்டே தேய்ச்சா அதுக்குப் பேரு எண்ணெய்க் குளியலா?”

“படுத்தா மூச்சு முட்டுதுவே. எந்திச்சா சரியாயிருது.”

“வாயுவாத்தான் இருக்கும். நம்ம கை பட்டா ஓடிரும்.”

தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். நெஞ்சில் எண்ணெய் விடுவதற்குள் இருமிக்கொண்டே எழுந்துவிட்டார். கூச்சம் என்று முடிவு கட்டினேன். என்னை மிஞ்சிய டாக்டர் உண்டா?

சரி, உட்காரட்டும் என்று காலைப் பிடித்தேன். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் ஓர் அழுத்து. விரலை எடுத்தால் அங்கே ஒரு குழி, அப்படியே நிற்கிறது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பக்கத்துப் பலகையில் தேய்த்துக்கொண்டிருந்த செல்லத்துரையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பாத்தியாலே பிடிய? முப்பது வருஷக் கைலே.”

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். “பத்து நாளா செவுத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குதாக. மூணு தலகாணி வச்சாலும் பத்தல. காலும் வீங்கிட்டே வருது. அருவியில நின்னா சரியாயிரும்னு ஒத்தக்கால்ல நின்னு வந்தாக.”

மறுபடி குழியைப் பார்த்தேன். சதை என்றால் விரலை எடுத்ததும் எழும்பும். இது இன்னும் எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

“குளிக்காம வரமாட்டேன்” என்றார் அவர்.

“அருவி அங்கனதான் கெடக்கும். மொதல்ல ஆட்டோவுல ஏறுங்க.”

தென்காசி ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. முருங்கைக்காய் மாதிரி விரல். அந்த விரலால் சம்சாரியின் காலில் லேசாக அழுத்தினார். அதே குழி, அதே ஆழம். என் முப்பது வருஷக் கை அங்கேயே போயிற்று.

“இதயம் சரியா பம்ப் பண்ணல. நுரையீரல்ல நீர் கோத்திருக்கு, அதான் படுத்தா மூச்சுத் திணறுது. கால் வீக்கமும் அதனாலதான். கால்ல எண்ணெய் இருக்கே, தேய்க்கிறதுக்கு இவரைப் படுக்க வச்சது யாரு?”

எண்ணெய்க் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“இந்த அண்ணாச்சிதான் கூட்டியாந்தாக” என்று சம்சாரியின் மனைவி என் மானத்தைக் காப்பாற்றினார்.

அன்றிலிருந்து எண்ணெயைத் தொடுவதற்கு முன்னால், “எத்தன தலகாணி வச்சுப் படுக்கிய?” என்று கேட்கிறேன். லாட்ஜில் தலையணை காணாமல் போனதை விசாரிக்கிறேன் என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். கோபிக்கட்டும். நீங்களும் கேளுங்கள். படுக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் படுக்க வைக்காதீர்கள், ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

அடுத்த சீசனில் அந்தச் சம்சாரி மறுபடி வந்தார். டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தாராம். நான் சொல்லாமலே பலகையில் மல்லாக்கப் படுத்தார். இருமல் இல்லை. முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். குழி விழவில்லை.

“என்னவே, கையில பலம் போயிட்டோ?”

“சுத்தமாப் போச்சு அண்ணாச்சி” என்றேன். கண்ணைத் துடைக்கலாம் என்றால் கையெல்லாம் எண்ணெய்.