விசுவாசக் குறைவு

ஒத்தக்கடையில் பந்தல் போட்டு நடந்த சுகமளிக்கும் கூட்டத்தில், சித்தப்பா தன் சர்க்கரை மாத்திரைகளைக் கொண்டுபோய் மேடையில் வைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நான் சித்தி வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். "மாத்திரைய நம்புறவன் கர்த்தர நம்பல" என்று வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் முழங்கினார். போய் வைக்கும்படி சித்தப்பாவை எழுப்பி அனுப்பியவள் சித்திதான். அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் சந்தோஷத்தில் அழுதாள்.

மழைக்காலத்தில் சித்தப்பாவின் காலில் முள் குத்தியது. புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். "போனா நம்பலன்னு ஆயிரும்ப்பா" என்றார். நினைவு தப்பிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைக்கவில்லை. துக்க வீட்டில், சித்தியோடு கூடி ஜெபித்துவந்த பெண்களில் ஒருத்தி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு விசுவாசம் பத்தலக்கா" என்றாள். சித்தி அதை அப்படியே நம்பிவிட்டாள். அதன்பின் கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போகும்போது அவள் மட்டும் குனிந்தபடி இருப்பாள்.

எங்கள் சபையில் குறையென்று சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. பாடகர் குழு உண்டு, கீபோர்டு உண்டு, அறுப்பின் பண்டிகை ஏலம் அமர்க்களப்படும். சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் திடப்படுத்தலுக்கு முன் விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாக ஒப்பிக்க வைத்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வேதத்தைச் சொல்லித்தர வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. பந்தல் போட்டு வந்தவர் அங்கே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சில வருடங்கள் கழித்து வந்த புது ஆயர், புதன்கிழமை மாலைகளில் வேத வகுப்பு தொடங்கினார். வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். சித்தியை நான்தான் கூட்டிப்போனேன். தன் நோய் நீங்க மன்றாடியும் நீங்கப்பெறாத அப்போஸ்தலரைப் பற்றி ஒருநாள் ஆயர் விளக்கினார். அதே அப்போஸ்தலர், வயிற்று நோயால் வாடிய தன் சீடனை மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னதையும் வாசித்துக் காட்டினார். சித்தி எழுந்து நின்றாள்.

"ஐயா, இது நம்ம வேதத்துலயா இருக்கு?"

"ஆமம்மா."

"எங்க வீட்டுக்காரரு சாகுறப்பவும் இருந்துச்சா?"

ஆயருக்குப் புரிந்துவிட்டது. "இருந்துச்சும்மா" என்றார், மெதுவாக.

"பெறவு ஏன் ஐயா யாருமே சொல்லித்தரல? இம்புட்டு வருசமா இந்தக் கோயிலுக்குத்தானே வாரேன்."

ஆயர் வேதத்தை மூடிவைத்தார்.

அந்த ஆயர் மாற்றலாகிப் போனதும் வகுப்பும் நின்றுபோயிற்று. இப்போது அந்த நேரத்தில் இசைக் குழுவுக்குப் பயிற்சி நடக்கிறது. சித்தி அப்படிக் கேட்ட அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, சித்தியின் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன். "ஒங்க மேல தப்பில்ல சித்தி, இப்பவாவது தெரிஞ்சுச்சே" என்றேன்.

மேலூர் ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. சித்தி ஓரமாக நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கர்த்தருக்காகச் செத்தாருன்னாவது நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "சும்மாவே செத்துருக்காரு."