ஊர் முழுக்கக் கல்வெட்டு எழுதிய எங்கள் அண்ணர்

எங்கள் அண்ணர் மறைந்து ஓராண்டு நிறையும் ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊரவர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது. இறந்தவரின் புகழையும் வீட்டாரின் புலம்பலையும் பாட்டாக்கி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கல்வெட்டாக அச்சடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அண்ணருக்கு ஏன் அது இல்லை என்று சிலர் என் காதுபடவே கேட்டார்கள். இந்தப் பக்கத்தில் கல்வெட்டுப் பாட ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் நாங்கள் கொண்டுபோய் எரித்துவிட்டோமே.

அண்ணர் புங்குடுதீவு மடத்துவெளியில் பிறந்தார். எங்கள் தகப்பனார் தென்பகுதியில் கடைச் சிப்பந்தியாக இருந்து காய்ச்சலில் காலமானபோது அண்ணருக்கு மீசை அரும்பவில்லை. படிப்பை விட்டு அதே கடைக்குப் போனார். நாலு வருடத்தில் தொய்வு நோயோடு திரும்பி வந்தார். மூட்டை தூக்க முடியாது, தோட்டம் கொத்த முடியாது, நாலடி வேகமாக நடந்தால் மூச்சு இழுக்கும்.

"எனக்கு எழுதத்தான் ஏலும் அம்மா" என்றார்.

"எழுதி ஆர் மோனை சோறு திண்டது?" என்று அம்மா கேட்டார். அம்மா கேட்டதில் பிழை இல்லை.

முதலில் பட்டினத்துப் பத்திரிகை ஒன்றுக்கு எங்கள் உவர்க் கிணறுகளைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினார். அச்சிலும் வந்தது. கீழே அவர் பெயர் இல்லை, 'ஒரு தீவான்' என்று மட்டும் இருந்தது. மூன்றாவது கட்டுரையோடு சன்மானம் ஏதும் உண்டா என்று பணிவாகக் கேட்டிருந்தார். தமிழ்த் தொண்டுக்குக் கூலி கேட்பது அழகல்ல என்று பதில் வந்தது. அந்தப் பத்திரிகைக்குச் சந்தா மட்டும் கேட்பார்கள், அது அழகுதான் போலும்.

அப்போதுதான் வேலணையிலிருந்து ஒருவர் வள்ளம் பிடித்து எங்கள் வீடு தேடி வந்தார். அவருடைய மாமனார் இறந்திருந்தார். பாடித் தருவதாகச் சொன்ன புலவர் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டாராம்.

"தம்பி, உமக்குப் பாட்டுக் கட்ட வருமாமே. அந்தியேட்டிக்கு எட்டு நாள்தான் கிடக்கு. செய்து தருவீரோ?"

"ஓம், செய்யலாம். ஆர் இயற்றினதெண்டு போடுவியள்?"

"அதைப் பிறகு பாப்பம்."

அண்ணர் அந்த வீட்டுக்குப் போய் ஒரு பகல் முழுக்க இருந்து விசாரித்தார். இறந்தவருக்கு எந்த மாடு செல்லம், யாரைக் கூப்பிட்டுச் சாப்பிடுவார் என்றெல்லாம் கேட்டாராம். பிறகு மனைவி புலம்புவதாக எழுதிய பாட்டில், பொழுதுபட்டால் அந்த மாடு இன்னும் வாசற் படலையைப் பார்த்து நிற்கிறது என்று ஒரு வரி வைத்தார். அந்தியேட்டி அன்று அதை இராகத்தோடு படிக்க, பெண்கள் தலையில் அடித்து அழுதார்கள். படித்தவர் முடிவில், "இயற்றியவர் அன்னாரின் மருமகன்" என்றார். மருமகனும் கைகூப்பி நின்றார். அண்ணர் வேலியோரம் நின்று கேட்டுவிட்டு வந்தார்.

முதல் சம்பாத்தியத்தை அம்மாவின் கையில் கொடுத்தார். நான் கல்வெட்டைப் புரட்டிப் பார்த்தேன்.

"அண்ணை, உங்கடை பேர் எங்கை?"

"காசு தந்தபடியால் பாட்டும் தங்கடை எண்டு நினைக்கினம், பிள்ளை. அடுத்ததிலை கேட்டுப் போடுவிப்பம்."

அடுத்ததிலும் போடவில்லை. வீடு வீடாக எழுதினார். விதவையாக எழுதினார், மூத்த மகனாக எழுதினார், பேரப்பிள்ளையாக எழுதினார். தமையனார், தம்பியார், தூரத்து வாத்தியார் என்று யார் யாரோ புலவர்கள் ஆனார்கள். கலியாண வாழ்த்துப் பாட மட்டும் அண்ணரை ஒருவரும் கூப்பிடவில்லை. இழவுக்கு எழுதின கையாம். யாராவது நோயாகிப் பாயில் கிடக்கும் வீட்டைத் தாண்டி அவர் போனால் படலையைச் சாத்துவார்கள். செத்த பிறகு அதே படலையைத் திறந்து, "வாரும், இரும்" என்பார்கள்.

பிறகு வேலணையில் ஒரு பெரிய வீட்டு ஐயா அண்ணரைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல சுகதேகி. தன் கல்வெட்டைத் தானே உயிரோடு கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்.

"என்ரை பிள்ளையளை நம்பேலாது. நீர் இப்பவே எழுதும். முன்பக்கத்திலை உம்மடை பேரைப் போடச் சொல்லி எழுதி வைக்கிறன்."

அன்று அண்ணர் நடந்து வந்த நடையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அந்தப் பாட்டுகளை எழுதத் தடித்த மட்டை போட்ட கொப்பி ஒன்று வாங்கினார். ஐயாவுக்குப் புகழ் போதவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் விடுவார். அண்ணர் வள்ளம் ஏறிப்போய்ப் படித்துக் காட்டி, திருத்திக்கொண்டு வருவார்.

"ஊருக்குக் கிணறு வெட்டினவர் எண்டும் போடும்."

"எந்தக் கிணறு, ஐயா?"

"வெட்டத்தான் இருக்கிறன். நீர் எழுதும்."

போய்வரும் செலவை ஐயா கொடுத்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். இப்படியே ஐந்து வருடம் போனது. கடைசியில் எல்லாப் பாட்டும் முடிந்து, இறந்த திதியைச் சொல்லும் வெண்பாவில் மட்டும் நாளுக்கு இடம் விட்டிருந்தது.

போன கார்த்திகையில் மழையும் காற்றுமாக இருந்த நாளில் ஐயாவிடமிருந்து மறுபடி ஆள் வந்தது. அண்ணருக்குத் தொய்வு இழுத்துக்கொண்டிருந்தது. போகவேண்டாம் என்று படலையை மறித்தேன்.

"ஒரு திருத்தம்தான், பிள்ளை. இந்த ஒண்டிலை எண்டாலும் பேர் வரும்."

நனைந்து திரும்பி வந்தவர் எழும்பவில்லை. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண்ணை மூடினார். ஐயா இன்றைக்கும் திடகாத்திரமாக இருக்கிறார். கிணறு இன்னும் வெட்டவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு அந்தப் பெரிய வீட்டு ஐயாவின் மகன் வந்தார்.

"தங்கச்சி, அந்தக் கொப்பியைத் தரவேணும். ஐயா கேட்டு விட்டவர்."

"அண்ணையின்ரை பேரைப் போடுவியளோ?"

அவர் கூரையைப் பார்த்தார். "செத்த ஆளின்ரை பேர் இருந்தால் தன்னையும் கூப்பிடும் எண்டு ஐயா பயப்பிடுறார். மச்சானின்ரை பேரைப் போடலாம் எண்டு…"

கொப்பி என்னிடம் இருக்கிறது. பெயரோடு அச்சடிக்க மனமுள்ள நாளில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

கொந்தளித்த கடலில் அண்ணரை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோன வள்ளக்காரர் இருவருக்கும், அந்த மூன்று நாளும் அம்மாவைத் தனியே விடாத பக்கத்து வீட்டு அக்காவுக்கும், யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாட்டிலும் இந்த மலருக்குத் தாள் ஒதுக்கிய அச்சுக்கூடத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணரிடம் கல்வெட்டு எழுதுவித்த வீட்டார் பலரும் வந்து சாப்பிட்டுப் போனீர்கள், உங்களுக்கும் நன்றி. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டுக்குப் போனதும் அலுமாரியில் கிடக்கும் கல்வெட்டை எடுங்கள். 'இயற்றியவர்' என்று இருக்கும் இடத்தில் அண்ணரின் பெயரைப் பென்சிலாலாவது எழுதிவிடுங்கள். முழுப்பெயர் தெரியாதவர்கள் இந்த மலரின் அட்டையைப் பார்த்து எழுதலாம். அவருடைய பெயர் அச்சில் வந்திருப்பது இந்த அட்டையில் மட்டுந்தான்.