பூசணிப் பூவும் டெரஸ் சாவியும்

ஒரு தீபாவளிக்கு முன்னால் மும்பையில் எங்கள் திலக் நகர் கட்டடத்தில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரே மாதிரி வெள்ளைத் தொட்டி வந்து உட்கார்ந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சக்குலென்ட். தடித்த சிறு இலைகள், ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக. குடியிருப்புச் சொசைட்டியின் செக்ரட்டரியே நர்சரிக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கியது. அவர் பாலக்காட்டுக்காரர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, பேங்க் வேலையில் ரிட்டயராகி எங்கள் கட்டடத்துக்கு வந்தவர்.

"இதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம், கேட்டேளா? அது பாட்டுக்கு இருந்துக்கும்" என்றார் என்னிடம். கூடவே, "அந்த மத்தனை டெரஸ்லேர்ந்து எடுத்துடுங்கோ. காடு மாதிரி இருக்கு" என்றும் சொன்னார்.

மத்தன் என்று அவர் சொன்னது என் பூசணிக்கொடியை. மழைக்காலம் முடிந்ததும் பழைய பெயின்ட் டிரம்மில் சாணி எருவும் மண்ணும் நிரப்பி, சமையலுக்கு வாங்கிய பூசணியிலிருந்து எடுத்த விதையைப் போட்டிருந்தேன். தாராவியில் நாங்கள் இருந்த ஒற்றை அறையில் செடி வைக்க இடமே இருந்ததில்லை. கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் தலைக்கு மேல் ஒரு மொட்டை மாடி கிடைத்தது. டிரம்மை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் ஒழுகாமல் அடியில் பலகையும் தட்டும் வைத்திருந்ததால் அவரால் மேற்கொண்டு எதுவும் சொல்ல முடியவில்லை.

ஒன்றும் பண்ண வேண்டாம் என்ற செடிக்கு அவர் செய்தது என்ன தெரியுமா? தினமும் காலையில் எல்லாத் தொட்டிக்கும் ஒவ்வொரு மக் தண்ணீர் ஊற்றும்படி வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தார். பக்கத்தில் அடுக்குமாடி டவர் எழும்பிய நாள் முதல் எங்கள் வராந்தாவில் பகலிலும் டியூப்லைட்தான். இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி அது. மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அதற்குத் தாகமே எடுக்கும். வெயில் மட்டும் வேண்டும். வெயிலைக் கொடுக்காமல் தண்ணீரைக் கொடுத்தால் என்ன ஆகும்? அடி இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கூழாக விரலில் ஒட்டின. அழுகாமல் தப்பியவை வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டி, ரோஜாப்பூ உருவமே போய்ப் புழு மாதிரி வளைந்தன.

நான் வாட்ச்மேனிடம் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "சாப் கா ஆர்டர் ஹை" என்றான், ஐயாவின் உத்தரவாம். என் வாசல் தொட்டியை மட்டும் எடுத்துச் சமையலறை ஜன்னல் கம்பிக்குள் வைத்தேன். அங்கே மதியத்துக்கு மேல் நல்ல வெயில் அடிக்கும். தண்ணீரே காட்டவில்லை. கொஞ்ச நாளில் நடுவிலிருந்து கெட்டியான புது இலைகள் வந்தன.

பூசணியின் குணம் இதற்கு நேர் எதிர். அதற்கு எதுவுமே போதாது. காலையில் ஒரு வாளி ஊற்றினாலும் மதியம் இலையெல்லாம் குடை மடக்கின மாதிரி தொங்கிவிடும். சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல் நிமிர்ந்து நிற்கும். எருவைத் தின்னும். தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஒருநாள் போகாவிட்டால் மறுநாள் வேறெங்கோ இருக்கும். முதலில் வெறும் ஆண் பூக்களாகப் பூத்துத் தள்ளியது. பிறகு ஒருநாள், அடியில் கோலிக்குண்டு அளவு காயை வைத்துக்கொண்டு பெண் மொட்டு ஒன்று வந்தது.

அந்தப் பூ ஒரே ஒரு காலைதான் திறந்திருக்கும். வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். எங்கள் மாடியில் தேனீ வந்து நான் பார்த்ததில்லை. காய் பிடிக்க வேண்டுமென்றால் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, உள்ளே இருக்கும் மஞ்சள் பொடியைப் பெண் பூவில் நாமே தடவ வேண்டும்.

மொட்டு விரியப்போகும் நாள் பார்த்து டெரஸ் கதவில் பூட்டுத் தொங்கியது. யாரோ மேலே போய் சிகரெட் பிடிக்கிறார்களாம். சாவி செக்ரட்டரியிடம். போய்க் கேட்டேன்.

"பூஜை முடிஞ்சு, டிபன் ஆனப்புறம் வாங்கோ, தரேன்."

"அதுக்குள்ள பூ மூடிரும் சார். விடியக்காலமே போவணும்."

"செடிதானே? எப்போ தண்ணி விட்டா என்ன? கீழே இத்தனை செடி இருக்கு, அதெல்லாம் என்னை வந்து எழுப்பறதா?"

அப்படியே ஆபீஸுக்குப் போனேன். சாயங்காலம்தான் சாவி வாங்கி, தண்ணீர் ஊற்ற முடிந்தது. அன்றைய பூ வீணாகிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே. அந்த வார மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அவர் இன்னொன்றையும் சொன்னார். வாசல் செடியெல்லாம் அழுகுவதற்கு என் பூசணிதான் காரணமாம். அதற்குப் போட்ட சாணியிலிருந்து பூச்சி இறங்கி வந்துவிட்டதாம். சொசைட்டி தொட்டியை நான் எடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டதும் தப்பாம்.

நான் எழுந்து நின்றேன். "பூச்சி மாடியிலேருந்து லிஃப்ட்லயா சார் இறங்கி வந்துச்சு?" என்றேன். "தெனமும் தண்ணிய ஊத்தி அழுக வச்சது நீங்க. குடிக்காததுக்கு ஊத்துதீங்க, குடிக்கிறதுக்குக் கதவப் பூட்டுதீங்க. நான் எடுத்து வச்சது ஒண்ணுதான் இன்னிக்கு உசிரோட இருக்கு. வந்து பாருங்க." யாரோ சிரித்தார்கள். யாரும் வந்து பார்க்கவில்லை. சாவி விஷயத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

அடுத்த பெண் மொட்டு விரிய வேண்டிய அன்று விடியும்போதே போய் அவர் வீட்டு மணியை அடித்தேன். விரலை எடுக்கவே இல்லை. ஈர வேஷ்டியோடு கதவைத் திறந்தார்.

"இது என்ன அக்கிரமம்? பொழுது விடியறதுக்குள்ளே!"

"சாவியக் குடுங்க சார். குடுக்காம நான் போவ மாட்டேன்."

அவர் பதில் சொல்வதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் கை நீண்டது. கையில் சாவி. "நானும் வரட்டுமா?" என்று கேட்டார் அந்த மாமி. "அப்புறம் காப்பி?" என்றார் செக்ரட்டரி. "டிகாஷன் இறங்கியாச்சு. பாலை நீங்களே விட்டுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மாமி டெரஸுக்கு வந்தே பல வருஷம் ஆகியிருந்தது. பூசணிப் பூவின் அகலத்தைப் பார்த்து, "எத்தனை பெரிசு!" என்றார். நான் ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்ததும், "நான் பண்ணட்டுமா?" என்று வாங்கி, குழந்தைக்கு மை தீட்டுவது போல் அத்தனை நிதானமாகத் தடவினார். அதற்குப் பிறகு சாவியை எனக்காக இரவே வெளியே செருப்பு ஸ்டாண்டில் வைத்துவிடுவார். செக்ரட்டரிக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பிஞ்சு நின்றது. தேங்காய் அளவு ஆனது, அப்புறம் குடத்தளவு. நான் அதன் அடியில் வைக்கோலும் பழைய துணியும் வைத்தேன். அந்தச் சமயத்தில்தான் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தார்கள். மேற்பார்வைக்கு வந்த செக்ரட்டரி பூசணியின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து, சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கீழே எழுதியிருந்தது: நம் கட்டடத்தின் கிரீன் முயற்சி. வரிசையாகக் கைதட்டல்கள். மீட்டிங்கில் வாய் மூடி இருந்தவர்கள்கூடக் கைதட்டியிருந்தார்கள்.

ஆபீஸில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். குரூப்பில் பதில் எழுதவில்லை. சாயங்காலம் நேராக மாடிக்குப் போய், காம்பு முழுதாகக் காய்வதற்குள்ளேயே பூசணியை அறுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். வீட்டில் வெட்டி, எங்கள் தளத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு கீற்று கொடுத்தேன். மாமிக்குப் பெரிய துண்டாக எடுத்து வைத்து அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"மாமி, இது ஒங்களுக்கு மட்டும். சாருக்கு ஒரு வாய்கூடக் கிடையாது. வெளையாட்டுக்குச் சொல்லல."

மாமி துண்டை முகர்ந்து பார்த்தார். "தேங்காய் வறுத்துப் போட்டு எரிசேரி வச்சா மணம் ஹால் வரைக்கும் போகுமே" என்றார். "போவட்டும். சாருக்கு மணத்தோட நிக்கட்டும்" என்றேன்.

மாமி அவருக்குக் கொடுத்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது. மறுநாள் லிஃப்டில் என்னைப் பார்த்ததும் செக்ரட்டரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன்.