நீல ஆறும் பேச்சியம்மாள் வீட்டுத் தரையும்

மைதாப் பசை காய்ச்சிய வாடை… அதோடு தோல் பதனிடும் கொட்டகைகளின் நாற்றமும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? சொல்லிப் புரியவைக்க முடியாது. அறுபதுகளில் தாராவியில் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், என் வகுப்பறை முழுக்க அந்த வாடைதான்.

மாதுங்காவிலிருந்து பஸ் பிடித்துப் போகும் புது டீச்சர் நான். முதல் வேலை. உலகத்தையே திருத்திவிடலாம் என்ற நினைப்பு வேறு!

சயானில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு கண்காட்சி. 'ஆறுகளையும் ஏரிகளையும் காப்போம்' என்று தலைப்பு. ஐந்தாம் வகுப்பில் நாலு பேரைப் பிடித்து உட்கார வைத்தேன். போஸ்டருக்கு, மளிகைக்கடையில் கேட்டு வாங்கிய பெரிய சோப்பு அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினோம். கலருக்கு எங்கே போவது? மஞ்சள்தூள், குங்குமம், துணிக்குப் போடும் நீலம்…

நீலத்தைக் கரைத்து ஆற்றுக்குப் பூசச் சொன்னதும், காஜா என்ற பையன் திருதிருவென்று முழித்தான்.

"ஆறு கறுப்புல்லா டீச்சர்?"

அவன் பார்த்த ஒரே ஆறு மித்தி. பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம், அது கடலோர உப்பங்கழியில் கலக்கிற இடத்தில் கறுப்பாகத்தான் கிடந்தது. தோல் கழுவிய தண்ணீர், சாயம், ஊர்க் குப்பை எல்லாம் அதில்தான். கண்காட்சிக்கு நீலம்தான் என்று அதட்டிப் பூச வைத்தேன்.

வாசகம் எழுதப் பேச்சியம்மாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். 'ஆற்றில் எதையும் கொட்டாதீர்' என்று சொன்னேன். 'ஆற்றில்' வரைக்கும் எழுதினாள். பிரஷ் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன டீச்சர் இப்பிடி எழுதச் சொல்லுதிய? எங்கப்பா தெனமும் கொட்டுதாவளே…"

ஊரிலிருந்து வந்து இறங்குகிற குடும்பங்களுக்கு இடம் ஏது? கழியோரச் சேற்றில் செங்கல் துண்டு, மரத்தூள், குப்பை, மண் என்று கையில் கிடைத்ததைக் கொட்டிக் கொட்டி மேடாக்குவார்கள். அதற்கு அங்கே 'பர்ணி' என்று பேர். மேடான பிறகு அதன்மேல் குடிசை. பேச்சியின் அப்பா தோல் கொட்டகையில் வேலை முடிந்து வந்ததும், கூடை கூடையாகப் பர்ணி போட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தக்காரர் வீட்டு வாசல்தான் வீடு.

"கொட்டக் கூடாதுன்னா நாங்க எங்க போயி இருக்க?"

"நம்மளச் சொல்லலைடி கண்ணு. பெரிய பெரிய ஃபேக்டரிக்காராளைச் சொல்றது" என்று ஏதோ சமாளித்தேன். மீதியை எழுதினாள். ஆனால் எழுத்து கோணிப்போயிருந்தது.

பரிசு கிரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. போஸ்டர் திரும்பி வந்த கொஞ்ச நாளில் பேச்சியின் அப்பாவே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வாசலிலேயே தயங்கித் தயங்கி நின்றார்.

"தப்பா நெனைக்காதிய டீச்சர். அந்த அட்ட நல்ல கனம்னு புள்ள சொல்லிச்சு. தரைக்கு அடியில விரிச்சா ஈரம் கொஞ்சம் மட்டுப்படும்லா…"

கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்வது? எங்கள் நீல ஆறு சேற்றுக்குள் போனது. ரெண்டு நாள் கழித்துப் பேச்சி வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தாள்.

"டீச்சர், எங்க வீட்டுல இப்ப நடந்தா கால்ல சேறே ஒட்டல!"

அந்த முகம் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது…

ஜூன் மாதம் மழை பிடித்தது. ஒரு நாள் கடலும் ஏறியிருந்தது, மழையும் விடவில்லை. பேச்சி வகுப்புக்கு வரவில்லை. மறுநாளும் காணோம். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேடிப் போனேன். குடிசை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தரை நடுவில் உள்வாங்கி, அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஊறி ஊறி வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் குடிசைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"கல்யாண் ஊருப் பக்கம் போறோம்னு போயிட்டாவ டீச்சர். அங்க யாரு இருக்காவளோ… ஒண்ணும் தெரியல."

அப்புறம் பேச்சியம்மாளை நான் பார்க்கவே இல்லை. வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்களோ, ஏதாவது வேலைக்கு அனுப்பினார்களோ…

இப்போது செம்பூரில் இருக்கிறேன். போன வாரம் டாக்ஸியில் மித்தியைத் தாண்டிப் போனோம். டிரைவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றினான். ஆறு இன்னமும் கறுப்புதான். குறுகிக் குறுகிச் சாக்கடையாகிவிட்டது. அதைக் காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை.

அக்கரையும் ஒரு காலத்தில் வெறும் சேறுதான். அங்கே லாரி லாரியாகக் கொட்டி மேடாக்கினார்கள். இப்போது கண்ணாடிக் கட்டிடங்கள் வரிசையாக நிற்கின்றன. எத்தனையோ மழை வந்து போயாச்சு, ஒன்றுகூடச் சாயவில்லை. கூடையில் சுமந்து கொட்டிய மனுஷன் வீட்டுக்குத்தான் அந்த ஆறு இடம் கொடுக்கவில்லை.